இடது ஓரத்து வெளிச்சம்

“கருவி சரியில்ல தாயி” என்றார் அரியநாயகம்.

ஜெபக்கனி நிமிரவில்லை. யாருடைய மூக்குக் கண்ணாடிக்கோ வில்லை பொருத்திக்கொண்டிருந்தாள்.

“புதுசா வாங்கினதா அண்ணாச்சி?”

“பெட்டியப் பிரிச்சு ஒம்பது நாள்தான் ஆவுது.”

“கெட்டுப்போக அதுக்கு இன்னும் நேரமே கெடைக்கலியே” என்றாள்.

கோவில்பட்டி பஜாரில் இருக்கிற அந்தச் சின்னக் கண்ணாடிக் கடையில், அவள் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு படம் தொங்கும். இளஞ்சிவப்பும் நீலமுமாக ஒரு புகை. நடுவில் நாலு வெள்ளைப் புள்ளிகள். கண் சோதிக்க வருகிறவர்கள் அதை ஏதோ கண் நோயின் படம் என்று நினைத்துப் பயந்துபோவார்கள்.

அது ஓரியன் நெபுலா. மாசி மாதத்தில் இருட்டியதும் தலைக்கு மேலே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்குமே, அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் வாயு மேகம். வெறுங்கண்ணுக்கு அழுக்குப் பட்ட ஒரு புள்ளிதான். ஜெபக்கனி அதைத் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்திருந்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றே அரியநாயகம் சீடராகிவிட்டார். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்து நான்கு. குருவாக இருக்க அவள் ஒருபோதும் சம்மதித்ததில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு நடுவே இரண்டு வார்த்தை சொல்வாள், அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் மெல்லுவது அவருடைய வழக்கம்.

“என்ன செய்யுது?” என்று கேட்டாள்.

“படத்துல நட்சத்திரமெல்லாம் கோடு கோடா விழுது. வானம் திரும்புததுக்கு ஏத்தாப்புல டெலஸ்கோப்பத் தானே திருப்பும்னு சொன்னதாலதான் இந்த ஸ்டாண்ட வாங்கினேன். மோட்டார் ஓடுது. ஆனா திரும்ப வேண்டிய பக்கம் திரும்பல.”

“துருவ நட்சத்திரத்தப் பாத்து நிறுத்தினியளா?”

“நிறுத்தாம இருப்பனா? நாப்பத்து மூணு வீடியோ பாத்துட்டு நிறுத்தினேன்.”

“எவ்வளவு உசரத்துல பாத்திய?”

அவர் கையை நீட்டிக் காட்டினார். கை கூரையில் சுற்றும் மின்விசிறியைக் காட்டியது.

“வீடியோக்காரன் எந்த ஊரு?”

“ஜெர்மனி.”

“நீங்க?”

அவர் யோசித்தார். கை கொஞ்சம் இறங்கியது.

“இன்னும்” என்றாள் ஜெபக்கனி.

இறங்கியது.

“இன்னும் அண்ணாச்சி.”

எதிரே இருந்த செருப்புக் கடையின் பெயர்ப்பலகைக்குக் கை வந்ததும், “போதும்” என்றாள். “வடக்க போகப் போகத்தான் அது உசரும். நம்ம ஊருல அது அங்கதான். வெறும் ஒம்பது டிகிரி.”

“அங்க எனக்குச் சுவருல்லா இருக்கு” என்றார்.

“யாரு கட்டின சுவரு?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

அவர் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்.

அவர் கட்டிய சுவர்.

அப்பா கட்டிய ஒரே வீடு. இரண்டு பிள்ளைகள். மூத்தவர் அரியநாயகம், இளையவர் குருபாதம். இருவரும் சேர்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் நடத்தினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அச்சகத்தைப் பிரித்தார்கள். அந்தச் சண்டையில் வீட்டையும் பிரித்தார்கள். வடக்குப் பாதி தம்பிக்கு. மொட்டைமாடிக்கு நடுவில் இடுப்பளவு ஒரு சுவர் எழுப்பினால் போதும் என்று பேச்சு. அரியநாயகம் ஆறடிக்கு எழுப்பினார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள், அந்த அளவுக்குத்தான் உறவு.

மனைவி தவறி மூன்று வருஷம். சித்திரையில் அவர் பெங்களூரு போகிறார், மகள் வீட்டோடு. பதினோராவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல். தன் பாதி வீட்டை யாருக்கோ விற்கப் பேசி முடித்தாகிவிட்டது.

ஆக, இந்த மாசிதான் கடைசி. பிறந்த வீட்டு மாடியிலிருந்து அந்த மேகத்தை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பிடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் புதுக் கருவி. வேறு எதையும் கொண்டுபோக அவருக்கு மனசில்லை.

*

இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டே வந்தார். ஐப்பசி மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்த முட்டி, படி ஏறி இறங்கினால் இன்னும் பிடித்துக்கொள்கிறது.

“அது குனிய மாட்டேங்குது தாயி.”

“எது?”

“கருவிதான். பதினஞ்சு டிகிரி வரைக்கும் இறங்குது. அதுக்கு மேல திருகினா முறுக்கிக்கிட்டு நிக்கி.”

“அது ஜெர்மனி பக்கம் உள்ளவங்களுக்குன்னு செஞ்சது. அவங்க ஊருல குனிய வேண்டிய அவசியம் இல்ல” என்றாள். “பின்காலுக்குக் கீழ ஒரு செங்கல் வைங்க. தானா குனிஞ்சிரும்.”

“செங்கல்லுக்கு நான் எங்க போவேன்?”

ஜெபக்கனி கையிலிருந்த வில்லையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு கண் சோதிக்க வருகிறவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

அவர் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் உளியும் சுத்தியலுமாக மாடிக்குப் போனார். சுவரின் உச்சியில் முதல் செங்கல்லைத் தட்டினார். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. ஐம்பத்தெட்டு வருஷமாகக் கேட்ட இருமல். சுத்தியலைப் பிடித்தபடியே நின்றார். இருமல் நின்றது. மறுபடியும் தட்டினார்.

கருவிக்கு ஒரு செங்கல் போதும். துருவ நட்சத்திரத்துக்குப் போதாது. மூன்று முழ நீளத்துக்கு இரண்டு வரிசை எடுத்த பிறகுதான் அது தெரிந்தது. மங்கலாக, தாழ்வாக, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரண நட்சத்திரம். அதற்கு இந்தப் பக்கம் தம்பி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு மஞ்சள் விளக்கு.

அன்றைக்கு நட்சத்திரங்கள் கோடாக விழவில்லை. புள்ளியாக விழுந்தன. மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக இருபது படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாம் ஒரே இடத்தில் பொருந்தி விழுந்தன. நாலு வண்ணமும் பிசகாமல் உட்கார்ந்த லேபிளை மெஷினிலிருந்து உருவிப் பார்க்கிற சந்தோஷம் அவருக்கு. அந்தச் சந்தோஷத்தில், “குரு, இங்க வந்து பாரு” என்று தம்பியைக் கூப்பிட வாய்வரை வந்துவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது.

*

மறுநாள் அவர் முகம் சுருங்கியிருந்தது.

“எல்லாம் என் தம்பி பண்ணுத வேல” என்றார்.

படத்தை நீட்டினார். மேகம் வந்திருந்தது. ஆனால் படமெங்கும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. இடது ஓரம் முழுக்க மஞ்சள் வெளிச்சம், மஞ்சள் தண்ணீர் ஊற்றியது போல.

“மாடியில ஒரு லைட்டு வச்சிருக்கான் தாயி. நாலு மாசமா எரியுது. நான் படம் எடுக்கது தெரிஞ்சி வேணும்னே வச்சது. நான் மாடிக்கு ஏறினதும் போடுவான். நான் கீழ எறங்கி வந்த பொறவுதான் அணைப்பான். அம்புட்டு வீம்பு! ரெண்டு ஃபில்டர் வாங்கி மாட்டிட்டேன். மூணாவது ஒண்ணு இருக்காமே, அத மாட்டினா போயிருமா?”

“மூடியப் போட்டு எடுங்க” என்றாள் ஜெபக்கனி.

“என்னது?”

“டெலஸ்கோப்பு மூடி. இறுக்கி மூடிட்டு, அதே மூணு நிமிஷம், அதே இருபது படம்.”

“மூடியப் போட்டு எடுத்தா இருட்டுல்லா விழும்?”

“விழட்டுமே. பாத்துட்டு வாங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. சின்னப் பெண் தன்னை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தார். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனார். ஆனாலும் சீடராயிற்றே, சாயங்காலம் மூடியைப் போட்டார்.

மூடிய குழாய்க்குள்ளிருந்து இருபது படம். எல்லாம் கறுப்பு. கம்ப்யூட்டரில் போட்டுக் கொஞ்சம் வெளுக்க வைத்தார்.

சிவப்புப் பொட்டுகள்.

நேற்றைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே பொட்டு, அதே இடம். ஒன்றுகூட வானத்திலிருந்து வரவில்லை. விளக்கிலிருந்தும் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அச்சகத்தில் நடந்த கடைசிச் சண்டையில் ஒரு வார்த்தை விழுந்தது. ‘இனிமே ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.’ தம்பி தன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை என்று ஆறு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறார். மகளிடம் சொன்னார். மனைவி சாகிற வரைக்கும் அவளிடம் சொன்னார். அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை மறுபடியும் காதில் விழுந்தது. குரல் தம்பியுடையதாக இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் மை அப்பின கையோடு நின்று கத்தியது அவர்தான். குருபாதம் ஒன்றுமே சொல்லாமல் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. படத்தை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். பொட்டுகள் அதே இடத்தில் இருந்தன.

*

“செவப்புப் பொட்டு காமிராவோடது” என்றார் மறுநாள்.

“எல்லாக் காமிராவுக்கும் உண்டு அண்ணாச்சி. இது இன்னதுன்னு தெரிஞ்சிட்டா கழிச்சிரலாம்.”

“மஞ்ச வெளிச்சம்?”

“மூடி போட்டப்ப இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்போ அது வெளியில உள்ளது.”

“அதத்தான தாயி நானும் சொல்லுதேன். அவன் லைட்டு!”

“எதுக்கு எரியுது?”

“வீம்புக்கு.”

“அது அவரு சொன்னதா, நீங்க சொல்லுததா?”

கடைக்கு ஒரு அம்மாள் வந்துவிட்டார். ஜெபக்கனி எழுந்து அவரைக் கவனிக்கப் போனாள். அரியநாயகம் கொஞ்ச நேரம் நின்றார். அவள் திரும்பி வருகிற மாதிரி தெரியவில்லை.

*

தன் வாசலிலிருந்து தம்பி வாசலுக்கு எட்டு அடி. அன்று இருட்டுகிற நேரத்தில் அந்த எட்டு அடியை நடந்து கதவைத் தட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் லைட்டை அணைத்துவை என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

குருபாதம் கதவைத் திறந்தார். தோளில் துண்டு. தலை முழுக்க நரைத்திருந்தது. அது அரியநாயகத்துக்குத் தெரியாது.

“லைட்டு…” என்றார் அரியநாயகம்.

“எந்த லைட்டு?”

“மாடியில உள்ளது.”

“ஏன்? பத்தலையா?” என்று கேட்டார் குருபாதம்.

அரியநாயகத்துக்கு விளங்கவில்லை.

“கூடப் போட்டா உனக்குக் கண்ணு கூசும்னுதான் மஞ்ச லைட்டாப் பாத்துப் போட்டேன். நீ வேற சுவர ஆறடிக்குத் தூக்கிட்ட, உன் படியில வெளிச்சம் எறங்கவே மாட்டேன்னுட்டு. கம்பத்த ஏத்தணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முந்தாநாளு நீயே ரெண்டு வரிச பேத்துட்ட. இப்போ மூணாவது படி வரைக்கும் விழுதுல்லா?”

“படியிலயா?”

“ஐப்பசில விழுந்தல்லா நீ. எனக்குச் சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு மாடிக்கு ஓடி வந்தேன். மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்ன ஆளு, நான் எட்டிப் பாத்தா என்ன சொல்லுவியோன்னு சுவரோரமா நின்னுட்டேன். நீ முனங்கிக்கிட்டே உள்ள போற வரைக்கும் மழையில நின்னேன். மறுநாளே போய் லைட்ட வாங்கினேன். உன் கதவு தாழ்ப்பா விழுத சத்தம் கேட்டாத்தான் அணைப்பேன்.”

அரியநாயகம் குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

“நீ செங்கல்லப் பேத்தது வெளிச்சத்துக்குன்னு நெனச்சேன்” என்றார் குருபாதம். “சந்தோசமா இருந்துச்சு.”

“வெளிச்சம் பத்தும்டே” என்றார் அரியநாயகம். “நல்லாத் தெரியுது.”

கொஞ்சம் பொறுத்து, “அந்த வார்த்தையச் சொன்னது நாந்தான்” என்றார்.

“எந்த வார்த்த?”

“முழிக்க மாட்டேன்னு.”

“ஆமா, நீதான சொன்ன?” என்றார் குருபாதம். இதில் என்ன சந்தேகம் என்பது போலத்தான் சொன்னார்.

அரியநாயகத்துக்கு அழுகை வந்தது. வாசலில் நின்றே அழுதார்.

“சரி, உள்ள வாண்ணே. தெருவே பாக்கு” என்றார் தம்பி.

சாப்பிட்டுவிட்டு இருவரும் அண்ணன் பக்கத்து மாடிக்குப் போனார்கள். குருபாதம் விளக்கைப் போட்டார், அண்ணனைக் கையைப் பிடித்துப் படியேற்றினார். கருவி தானாகத் திரும்புவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் முதல் படம் விழுந்தது.

“என்னண்ணே இது, புகை?”

“நட்சத்திரம் பொறக்குத எடம். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னால கெளம்புன வெளிச்சம்.”

“அம்புட்டுத் தூரத்துல உள்ளது உனக்குத் தெரியுது” என்றார் குருபாதம்.

அரியநாயகம் அதற்குச் சிரித்தார். ஒரு செங்கல்லைப் புரட்டிப் போட்டுத் தம்பியை உட்காரச் சொன்னார். அன்றைக்கு நாற்பது படங்கள் எடுத்தார்கள்.

*

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தபோது கையில் பென் டிரைவ் இருந்தது. ஜெபக்கனி அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகித் திறந்தாள்.

நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் உருண்டையாக இருந்தன. சிவப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை. இளஞ்சிவப்பும் நீலமும் இழை இழையாகப் பிரிந்து, நடுவில் நாலு வெள்ளைப் புள்ளிகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் தன் தலைக்குப் பின்னால் தொங்கிய படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“என்னோடத விட நல்லா இருக்கு அண்ணாச்சி.”

அவர் ஒரு நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் குனிந்து இடது ஓரத்தைப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சம் அப்படியே இருந்தது.

“தம்பி லைட்ட அணைக்கலையா?”

“அணைக்கச் சொல்லல.”

“போய்க் கேக்கலையா?”

“எதுக்கு எரியுதுன்னு கேட்டுட்டேன்.”

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மேலே கேட்காமல் மவுஸைப் பிடித்தாள்.

“பரவால்ல, இத நானே எடுத்து விட்டுருதேன். ரெண்டு நிமிச வேல. அப்படி ஒரு லைட்டு இருந்ததே தெரியாது.”

அம்புக்குறி இடது ஓரத்துக்குப் போனது. அரியநாயகம் சட்டென்று கையை நீட்டித் திரையின் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தார்.

“அத எடுத்துராத தாயி” என்றார். “மத்ததெல்லாம் எந்த ஊரு வானத்துலயும் இருக்கும்.”